தொண்டும் பதவியும்: அயர்லாந்து மொழிக் கழகம் காட்டும் பாடம்

சங்கம் என்று ஒன்று தோன்றினால் அதற்கு ஆண்டுக் கூட்டம் உண்டு. ஆண்டுக் கூட்டம் உண்டெனில் தேர்தல் உண்டு. தேர்தல் உண்டெனில், "நான் நிற்கிறேன்" என்று துணிந்து சொல்வாரும், "என்னை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே நிற்பாரும் உண்டு. பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த இடத்தில் தமிழுக்கென ஒரு கூரை அமைத்துக்கொண்ட நமக்கு இக்காட்சி புதியதன்று. ஆயினும் இது தமிழர்க்கே உரிய குணம் என்று சிலர் நொந்துகொள்வதைக் கேட்கும்போது, உலக வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. அவ்வாறு பார்க்குங்கால் நம் கண்முன் முதலில் நிற்பது, ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் வாழும் கெல்டிய இனத்தாரின் வரலாறே ஆகும்.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரான்சின் பிரிட்டனி ஆகிய பகுதிகளில் வழங்கும் பழமொழிகள் சிலவற்றிற்குக் கெல்டிய மொழிகள் என்று பெயர். அவை தொன்மையும் இலக்கிய வளமும் உடையன. எனினும் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சி மொழிகளாய் அமர்ந்தபின், வீட்டு முற்றத்துக்கும் வயல் வரப்புக்கும் ஒதுங்கியவை. அம்மொழிகளைக் காப்பதற்கென்று எழுந்த கழகங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று, தாய்நாட்டில் தோன்றவில்லை. வேலை தேடிப் போனவர்கள் குடியேறிய பெருநகரில் தோன்றியது என்பது நாம் எண்ணி மகிழத்தக்க செய்தியாகும்.

1751-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வேல்ஸ் நாட்டார் கூடி 'கம்ரொடோரியன்' என்னும் சங்கத்தை நிறுவினர். அதன் முதல்வர் ரிச்சர்டு மோரிஸ். அவர் ஆங்கிலிசித் தீவிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர். கடற்படை அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணி செய்தவர். பகலெல்லாம் கணக்கெழுதி, மாலையில் தாய்மொழிக்காகக் கூடிய மனிதர் அவர். அச்சங்கம் 1787-இல் செயலிழந்தது. 1820-இல் மீண்டும் எழுந்தது. 1843-இல் மறுபடி அடங்கியது. 1873-இல் மூன்றாம் முறை உயிர்பெற்று இன்றளவும் நடைபெற்று வருகிறது. இடையில் 1770-இல் 'குவினெதிகியன்' என்ற மற்றொரு சங்கமும் அதே நகரில் தோன்றியது. மென்மயிர்த் தோல் வணிகரான ஓவன் ஜோன்ஸ் என்பார் அதன் தூணாய் விளங்கினார். பழைய வேல்ஸ் இலக்கியங்களைத் தொகுத்து 1801 முதல் 1807 வரை வெளிவந்த பெருந்தொகுதிகளுக்கு அவருடைய பணப்பையே அடித்தளம். புலம்பெயர்ந்தார் சங்கங்கள் விழுவதும் எழுவதும் இயல்பு. அவற்றைத் தாங்குவோர் பெரும்பாலும் எழுத்தரும் வணிகருமே என்பது இதனால் விளங்கும்.

இனி நாம் விரிவாகக் காண விழைவது, அயர்லாந்தின் கெயிலிக் கழகத்தின் வரலாற்றை. செயற்குழுவில் இடம் பெறுதல் என்பது ஒரு மொழிக் கழகத்தை எவ்வாறு உயர்த்தும், எவ்வாறு உலுக்கும் என்பதை இதைப் போல் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறொன்றில்லை.

1831-இல் ஆங்கிலேய அரசு அயர்லாந்தில் ஏற்படுத்திய தேசியப் பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலமாயிற்று. பிள்ளைகளின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, அவர்கள் தாய்மொழியில் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டு வெட்டி, வெட்டுக்கேற்ப அடி கொடுக்கும் வழக்கமும் இருந்தது. இதற்குப் பெற்றோரே உடன்பட்டனர் என்பதுதான் நெஞ்சை வருத்துவது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் கொடிய பஞ்சம் விளைந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவினர் கப்பலேறினர். மாண்டோரும் சென்றோரும் மிகுதியாக ஐரிஷ் மொழி பேசிய ஏழைகளே. 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 15 இலட்சத்துக்கு மேலிருந்த ஐரிஷ் பேசுவோர் தொகை, 1891-இல் 6,80,000 அளவிற்குக் குறைந்தது. நாற்பதே ஆண்டுகளில் ஒரு மொழி பாதிக்கும் கீழே தேய்ந்தது.

இந்நிலையில் 1893 ஜூலை 31-ஆம் நாள், டப்ளின் நகரின் சிறு அறை ஒன்றில், விரல் விட்டு எண்ணத்தக்க சிலர் கூடிக் கெயிலிக் கழகத்தைத் தொடங்கினர். டக்ளஸ் ஹைட் தலைவரானார். அவர் ஆங்கிலத் திருச்சபைக் குரு ஒருவரின் மகன். ரொஸ்காமன் வட்டாரத்துக் குடியானவர்களின் வாய்மொழியைக் கேட்டே ஐரிஷ் கற்றவர். செயலாளர் ஓவன் மக்நீல், நீதிமன்ற அலுவலகத்தில் எழுத்தர். கழகத்தின் கடிதங்களையெல்லாம் ஊதியமின்றி எழுதியவர். மேனூத் கல்லூரிப் பேராசிரியரான யூஜின் ஓகிரௌனி அடிகள், யாரும் தாமே படித்துக்கொள்ளும் வகையில் எளிய பாடநூல்கள் எழுதினார். நோயுற்று அமெரிக்கா சென்ற அவர் 1899-இல் அங்கேயே மறைந்தார். 1903-இல் அவரது உடலைத் தாய்நாட்டுக்குக் கொணர்ந்தபோது டப்ளின் தெருக்களில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். பாடநூல் எழுதிய ஆசிரியர் ஒருவருக்கு நாடு செய்த மரியாதை அது!

கழகத்தின் விதிகளில் ஒன்று தலையாயது. சமயச் சார்பும் அரசியல் சார்பும் கழகத்திற்கு இல்லை என்பதே அது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும், தன்னாட்சி கேட்போரும் முடியாட்சியை விரும்புவோரும் ஒரே பலகையில் அமர்ந்து மொழி கற்கலாம். ஆடவர் பெண்டிர் என்ற வேறுபாடும் இல்லை. ஆக்னஸ் ஓஃபாரலி, மேரி பட்லர் முதலிய பெண்மணிகள் செயற்குழுவிலேயே இடம் பெற்றனர். அயர்லாந்துப் பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை 1918-இல்தான் கிட்டியது என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும். இருப்புப் பாதையில் உழைத்துப் பின்னாளில் நாடக ஆசிரியராய்ப் புகழ்பெற்ற ஷான் ஓகேசியும் கழகக் கிளையில் மொழி பயின்றவரே.

பணி எவ்வாறு நடந்தது? கழகம் தூதர்களை அமர்த்தியது. அவருள் முதல்வர் தாமஸ் கன்கானன். ஆரன் தீவுகளிற் பிறந்து, அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் சென்று பொருளீட்டித் திரும்பியவர். மிதிவண்டியே அவருக்குத் தேர். மழையும் சேறும் நிறைந்த மேற்கு மாவட்டங்களில் ஊர் ஊராய்ச் சென்று, கிளை அமைத்து, ஆசிரியரைத் தேடி வைத்து, அடுத்த ஊருக்குப் போவார். அவருக்குப் பின் பலர் அவ்வழி சென்றனர். 1897-இல் தேசியக் கலைவிழாவும், 1899-இல் 'ஒளிவாள்' என்று பொருள்படும் பெயருடைய வார இதழும் தொடங்கின. பத்தாண்டு முடிவதற்குள் கிளைகள் பல நூறாயின. 1903-இல் புனித பாட்ரிக் திருநாள் சட்டப்படி விடுமுறை நாளாயிற்று. தேசியப் பல்கலைக்கழகத்தில் நுழைய ஐரிஷ் மொழித் தேர்ச்சி வேண்டும் என்ற போராட்டமும் வென்றது. 1913 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஹைட் 1905-இல் அமெரிக்கா சென்று 50,000 டாலருக்கு மேல் திரட்டினார். 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தபோது, அந்நிதியிலிருந்து 5,000 டாலரை அந்நகர மக்களின் துயர் தீர்க்கத் திருப்பி அளித்தார். கொடுத்தவர் துன்புறும்போது வாங்கியவர் வாளாவிருத்தல் முறையன்று என்ற பண்பாடு அது.

இத்தகைய கழகத்தில் பூசலே இல்லையோ எனில், நிறைய இருந்தது! ஐரிஷ் மொழியில் குழுவுக்கு வழங்கும் சொல் ஏறத்தாழக் 'கோஷ்டே' என்று ஒலிக்கும். நம் வழக்கிலுள்ள கோஷ்டிக்கும் அதற்கும் சொற்பிறப்பில் உறவில்லை. செயலில் சில வேளை உறவு இருந்தது. மன்ஸ்டர் மாகாணத்தார், தம் பேச்சே செம்மையானது என்றனர். கானாட் மாகாணத்தார் அதை ஏற்கவில்லை. டப்ளினில் மன்ஸ்டர்க்காரர் நிறைந்த கீட்டிங் கிளை, தலைமைச் செயற்குழுவோடு ஓயாது மல்லுக்கு நின்றது. ஆண்டுப் பேரவைத் தேர்தல்களில் இந்த வட்டாரப் பற்று வாக்குகளாய் உருவெடுத்தது. நெல்லைத் தமிழா, கொங்குத் தமிழா, தஞ்சைத் தமிழா என்று நாம் வேடிக்கையாய்ப் பேசுவது அங்கே வினையாகவே நடந்தது.

சமயமும் தலைநீட்டியது. போர்ட்டார்லிங்டன் என்னும் ஊரில் ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலலாகாது என்று பங்குக் குரு தடுக்க, கிளையினர் இணங்க மறுத்தனர். ஜேம்ஸ் ஹானே என்ற சீர்திருத்தச் சபைக் குரு, புனைபெயரில் நாவல்கள் எழுதியவர். கழகச் செயற்குழுவிலும் இருந்தவர். அவருடைய நாவலில் தம்மவரைக் குறை கூறியதாகக் கருதிய கத்தோலிக்கக் குருமார் சிலர் சினந்தனர். 1906-இல் கானாட் விழாக் குழு ஒன்றில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. சமயச் சார்பில்லை என்று விதியில் எழுதுவது எளிது. விழாக் குழுவின் பட்டியலில் எழுதுவதே அரிது.

இனி, குழுவில் இடம் நாடிய இருவரை நோக்குவோம். பாட்ரிக் பியர்ஸ் 1896-இல் கழகத்தில் சேர்ந்தார். 1898-இல், இருபது வயது நிரம்புமுன்னரே, செயற்குழுவில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1903-இல் 'ஒளிவாள்' இதழின் ஆசிரியர் பதவியை நாடிப் பெற்றார். ஆறாண்டுக் காலம் அவ்விதழை நடத்தி, இருமொழிக் கல்வி பற்றி ஆழ்ந்து எழுதினார். வழக்கறிஞர் பட்டமும் பெற்றிருந்த அவர், தன் வண்டியில் பெயரை ஐரிஷ் எழுத்தில் எழுதியதற்காகத் தண்டம் விதிக்கப்பட்ட ஒரு குடியானவருக்காக 1905-இல் உயர்நீதிமன்றத்தில் வாதாடித் தோற்றார். பதவியை நாடினார், பெற்றபின் அதனைத் தேய உழைத்தார். இத்தகையோர் பதவி நாடுவதை யார் குறை சொல்ல இயலும்?

மற்றவர் ஈமன் டி வலேரா. கணித ஆசிரியரான அவர் 1908-இல் கழகக் கிளை ஒன்றில் சேர்ந்தார். தமக்கு அங்கே மொழி கற்பித்த ஆசிரியை ஷினேட் ஃபிளானகனையே 1910-இல் மணந்தார். சில ஆண்டுகளில் கழகச் செயற்குழுத் தேர்தலில் நின்று தோற்றார். சின் ஃபேன் கட்சியினர் சூழ்ச்சி செய்து தம்மைத் தோற்கடித்ததாக அவர் மனம் வெந்தார். அக்கட்சியில் ஒருநாளும் சேர்வதில்லை என்றும் உறுதி கொண்டார். காலத்தின் விளையாட்டைக் காண்க. 1917-இல் அதே கட்சிக்குத் தலைவராய்த் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவரே! மொழிக் கழகத் தேர்தலின் தோல்வி ஒருவர் உள்ளத்தில் எத்துணை ஆழமாய்த் தைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அவருடைய ஐயம் முழுதும் வீண் என்றும் கூறிவிடலாகாது. கழகத்துள் ஒரு மறைகரம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அதன் பெயர் ஐரிஷ் குடியரசுச் சகோதரத்துவம். ஆயுதப் புரட்சியால் விடுதலை பெற உறுதி பூண்ட இரகசிய அமைப்பு. அதன் தொண்டர்கள் கிளைகளிலும் குழுக்களிலும் இடம் தேடி அமர்ந்தனர். 1913 நவம்பர் முதல் நாள் 'ஒளிவாள்' இதழில் மக்நீல் எழுதிய கட்டுரையே ஐரிஷ் தொண்டர் படை பிறக்கக் காரணமாயிற்று. அம்மாதம் 25-ஆம் நாள் அப்படை தோன்றியது. மொழித் தொண்டர் படைத் தொண்டரானார். பியர்ஸும் கழகத்தின் வேலை முடிந்தது, இனிப் புரட்சியின் வேலை தொடங்குகிறது என்னும் கருத்துக்கு வந்துவிட்டார்.

1915 ஜூலை இறுதியில் டண்டால்க் நகரில் ஆண்டுப் பேரவை கூடியது. இரகசிய அமைப்பினர் பேராளர்களை முன்னரே திரட்டியிருந்தனர். அந்நிய ஆட்சியினின்றும் விடுபட்ட அயர்லாந்து என்பதும் கழகத்தின் குறிக்கோள் ஆதல் வேண்டும் என்ற திருத்தம் நிறைவேறியது. செயற்குழுவும் அவர்கள் வசமாயிற்று. இருபத்திரண்டு ஆண்டுகள் தலைவராயிருந்த ஹைட் பதவியைத் துறந்தார். உடல்நலம் குன்றியதைக் காரணமாகக் கூறினார்; உண்மைக் காரணம் அனைவரும் அறிந்ததே. ஷான் ஓகெல்லி என்ற புரட்சியாளர் பொதுச் செயலாளரானார்.

அடுத்த ஆண்டு, 1916 ஏப்ரல் 24-ஆம் நாள், டப்ளினில் புரட்சி வெடித்தது. குடியரசுப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட எழுவருள் அறுவர் கழகத்தினர். பியர்ஸ் உள்ளிட்ட எழுவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தப் பிரகடனத்தின் தலைப்பு மட்டுமே ஐரிஷ் மொழியில் இருந்தது. எஞ்சியது முழுதும் ஆங்கிலத்தில் இருந்தது என்பதை நாம் ஒரு கணம் நின்று நினைத்தல் வேண்டும். 1919-இல் அரசு கழகத்தைத் தடை செய்தது.

டண்டால்கில் நடந்தது சரியா, தவறா? அறிஞர் இருவகையாகவும் கூறுவர். நாட்டுக்கு விடுதலை இல்லாதபோது மொழிக்கு மட்டும் விடுதலை எங்ஙனம் வாய்க்கும் என்பது ஒரு தரப்பு. உயிரையே கொடுத்தவர்கள் சொன்ன சொல் அது. அதனை எளிதாய்த் தள்ள நமக்கு உரிமையில்லை. எல்லாரும் கூடும் ஒரே திண்ணையைக் கட்சியின் முகாமாக்கினால், மாற்றுக் கருத்தினர் மொழியையும் விட்டு அகல்வர் என்பது மற்றொரு தரப்பு. பின்வந்த செய்தி இரண்டாம் தரப்பிற்கே வலுவூட்டுகிறது. 1922-இல் சுதந்திர நாடு அமைந்தது. ஐரிஷ் தேசிய மொழியாயிற்று. இனி எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும் என்று தொண்டர்கள் கலைந்தனர். உள்நாட்டுப் போர் நண்பரைப் பகைவராக்கியது. அவ்வாண்டில் 800-க்கு மேலிருந்த கிளைகள் 1924-இல் 150-க்கும் கீழே இறங்கின. வகுப்பு நடத்தியவர்கள் அமைச்சராயினர், அலுவலராயினர், வகுப்பறை வெறிச்சோடியது.

எனினும் கதை அங்கே முடியவில்லை. 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஐரிஷை முதல் ஆட்சி மொழியாக்கியது. அதன்கீழ் 1938-இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவராக, இரு பெருங்கட்சிகளும் ஒப்ப, போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார்? டண்டால்கில் நாற்காலியை விட்டு எழுந்த டக்ளஸ் ஹைட்! 1925-இல் மேலவைத் தேர்தலில் நின்று தோற்றவரும் அவரே. 1945-இல் இரண்டாம் குடியரசுத் தலைவரானவர், டண்டால்கில் வென்ற அணியின் ஷான் ஓகெல்லி. 1959-இல் மூன்றாமவரானவர், செயற்குழுத் தேர்தலில் தோற்ற டி வலேரா. விலகியவர், வென்றவர், தோற்றவர் என்ற மூவரும் ஒரே மொழிக் கழகத்தின் வகுப்புப் பலகையிலிருந்து நாட்டின் உயர்ந்த இருக்கைக்கு ஏறினர். ஒரு கழகத் தேர்தலில் தோற்றதால் எவருடைய வாழ்வும் முடிந்துவிடுவதில்லை என்பதை நம் நண்பர்கள் இதனால் அறிந்து தேறலாம்.

மொழியின் நிலை யாது? 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அயர்லாந்துக் குடியரசில் 18.7 இலட்சம் பேர் ஐரிஷ் பேச வல்லோம் என்றனர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் 72,000-க்குச் சற்றுக் குறைவே. வல்லோம் என்போர்க்கும் வழங்குவோர்க்கும் இடையேயுள்ள இப்பெரும் பள்ளத்தை எந்தச் சட்டமும் நிரப்பவில்லை. அதை நிரப்ப முயல்வோர் இன்றும் அதே கழகத்தார்தாம். ஆண்டுதோறும் பேரவை கூடுகிறது, செயற்குழுவுக்குத் தொண்டர் நிற்கின்றனர், வகுப்புகள் நடக்கின்றன.

மதுரைத் தமிழ்ச் சங்கம் 1901-இலும் கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1911-இலும் தோன்றின. அவை தோன்றிய காலத்தில்தான் கன்கானன் மிதிவண்டியில் மேற்கு அயர்லாந்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். இரு நாட்டாரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே கவலையைச் சுமந்தனர்.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளும் கருத்து இது. குழுவில் இடம் நாடுதல் இழிவன்று. ஆள் நிற்காத தேர்தலைவிட ஆள் மிகுந்த தேர்தல் சங்கத்துக்கு நலம். போட்டியே இல்லாத சங்கத்தில் ஆர்வமும் இல்லை என்றே பொருள். வட்டாரப் பற்றும் சிறு பூசலும் சங்கத்தைக் கொல்லா. கெயிலிக் கழகம் அவற்றோடேயே இருபது ஆண்டுகள் செழித்தது. சங்கத்தை உலுக்குவன இரண்டு. நாற்காலியில் அமர்பவர் தம் நோக்கத்தைச் சபையில் சொல்லாது மறைத்து வருதல் ஒன்று. வெற்றி கிட்டியபின் வகுப்பை மறத்தல் மற்றொன்று. பியர்ஸ் தம் கருத்தை மறைக்காது எழுதினார். அதனால் அவரோடு மாறுபட்டோரும் அவரை மதித்தனர். பேராளர்களை இரகசியமாய்த் திரட்டியவர்களின் வெற்றியோ, கழகத்தைப் பொதுவில் வைத்திருந்த தலைவரை இழப்பதில் முடிந்தது.

ஆதலின் தேர்தல் நாளில் வேட்பாளரை நாம் கேட்கவேண்டிய வினாக்கள் எளியவை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எத்தனை நாள் நின்றீர்? நூலகத்தின் சாவி உம்மிடம் இருந்தபோது கதவு எத்தனை மாலை திறந்திருந்தது? விழா முடிந்தபின் நாற்காலிகளை அடுக்க யாரோடு நின்றீர்? சங்கத்தை எதற்காகக் கேட்கிறீர் என்பதை இச்சபையில் சொல்ல இயலுமா? இவற்றிற்கு நேராக விடை தருவோர் எந்த ஊரினராயினும், எந்தக் கட்சியினராயினும், அவரைக் குழுவில் அமர்த்துவோம். தோற்றவரும் மறு ஞாயிறு வகுப்பிற்கு வருவாராக. வென்றவர் அவருக்குமுன் வந்து கதவைத் திறந்து வைப்பாராக. அயல்மண்ணில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் 'தமிழ் தெரியும்' என்று கணக்கெடுப்பில் சொல்வதோடு நில்லாது, தெருவிலும் வீட்டிலும் தமிழில் பேசுவதற்கு வழி அதுவே.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!